நிலையத்துக்கு எதற்குக் கோபுரம்?

1

எந்த ஊர் ரயில் நிலையத்தைப் புதுப்பிக்கப்போவதாக அறிவிப்பு வந்தாலும் கூடவே ஒரு படம் வந்துவிடுகிறது. கணினியில் வரைந்த படம். அதில் நேரம் எப்போதும் அந்தி. மழை பெய்து ஓய்ந்ததுபோலத் தரை மினுங்கும். விளக்கொளியில் பொன்னிறமாக ஒரு முகப்பு, அதன் உச்சியில் அந்த ஊர்க் கோயிலை ஞாபகப்படுத்தும் ஏதோவொன்று, வாசலில் பளபளப்பாக நாலு கார். மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர்கூட அந்தப் படத்தில் இருக்க மாட்டார். உச்சிவெயில் இருக்காது. பெரும்பாலும் ரயிலே இருக்காது.

படம் வந்த அன்றே ஊர் ரெண்டு கட்சியாகிவிடும். “நம்ம கோயில் மாதிரியே இருக்கு, இதான் நம்ம அடையாளம்” என்று ஒரு கட்சி. “இது ஸ்டேஷனா, கல்யாண மண்டபமா?” என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் இந்த விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணாச்சி ஒருவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்: “என்னத்தவே கோபுரம், மொதல்ல ஒக்கார ஒரு நெழலப் போடச் சொல்லும்.” இந்தக் கட்டுரை மூன்றாவது கட்சியின் சார்பில் எழுதப்படுகிறது. ஆனால் முதல் இரண்டு கட்சிகளையும் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் சண்டைக்குப் பின்னால் நூறு வருடக் கட்டடக்கலைச் சண்டை ஒன்று இருக்கிறது.

இலக்கிய வாசகர்களுக்கு அதை விளக்குவது எளிது. லா.ச.ரா.வின் உரைநடையையும் அசோகமித்திரனின் உரைநடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் சொல்லே நிகழ்ச்சி. வாக்கியம் தன் உணர்ச்சியை உடலிலேயே தரித்துக்கொண்டு வரும். பின்னதில் வாக்கியம் தன்னைக் காட்டிக்கொள்ளாது, சொல்லவந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கட்டடத்திலும் இப்படித்தான். ஒரு தரப்பு, கட்டடம் பேச வேண்டும் என்கிறது: பயணம் என்றால் சிறகு மாதிரி கூரை விரியட்டும், ஊர் என்றால் அதன் சின்னம் முகப்பில் தெரியட்டும். இதை வெளிப்பாட்டுக் கட்டடக்கலை என்று சொல்லலாம். மறு தரப்பு நவீனத்துவர்கள். கட்டடம் தன் வேலையைச் செய்யட்டும், வேலைக்கு உதவாத எதுவும் அதன்மேல் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. தூண் தூணாகத் தெரிந்தால் போதும், அதற்குத் தாமரைப் பூ எதற்கு?

இந்தச் சண்டை இன்று நமக்கு முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. அம்ரித் பாரத் நிலையத் திட்டத்தில் இந்தியா முழுக்க 1,300க்கும் மேற்பட்ட நிலையங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 6 அன்று ஒரே நாளில் 508 நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நிலையங்களின் வடிவம் அந்தந்த ஊரின் பண்பாட்டையும் பாரம்பரியத்தையும் கட்டடக்கலையையும் ஒட்டி அமையும் என்பது திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்று. எங்கள் பாதையில் விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. நடுவில் இருக்கும் சங்கரன்கோவிலில் மட்டும் இந்தப் பேச்சு எழாமல் இருக்குமா? எழும்போது எதை வைத்து ஒரு நிலையத்தை நல்லது, கெட்டது என்று சொல்வது என்பதில் நமக்கு ஒரு தெளிவு வேண்டும்.

2

நிலையம் பேச வேண்டும் என்ற ஆசை நமக்குப் புதிதல்ல. அதை இங்கே கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்.

1856இல் சென்னை ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் நிலையக் கட்டடங்களில் அதுதான் பழையது என்கிறார்கள். வரிசையாக உயர்ந்த தூண்கள், ஐரோப்பியச் செவ்வியல் பாணி. அதைப் பார்ப்பவருக்கு ‘இது அரசாங்கம்’ என்று சொல்வதுதான் அந்தத் தூண்களின் வேலை. 1873இல் சென்ட்ரல் வந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்தது, பிறகு ராபர்ட் சிஷோம் கை வைத்தது. மணிக்கூண்டும் கோதிக் சாயலும் கொண்ட அந்தச் சிவப்புக் கட்டடம் எத்தனை தமிழ்ப் படங்களில் ‘மெட்ராஸ் வந்தாச்சு’ என்பதற்கு ஒரே ஷாட்டாக நின்றிருக்கிறது!

தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னை என்றால் சென்ட்ரல் இல்லை, எழும்பூர். 1908இல் தென்னிந்திய ரயில்வே கட்டியது. மைசூர் அரண்மனையை வரைந்த அதே ஹென்றி இர்வின்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். இந்தோ சாரசெனிக் என்று அந்தப் பாணிக்குப் பெயர். முகலாயக் கும்பம், வளைவுகள், கொஞ்சம் கோயில் வேலைப்பாடு, உள்ளே ஐரோப்பியத் திட்டம். இந்தியாவின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இங்கிலாந்தில் படித்த பொறியாளர்கள் தீர்மானித்து, இந்தியக் கட்டடங்களிலிருந்து பிடித்த துண்டுகளை எடுத்துக் கோத்த பாணி அது. இன்று ‘உள்ளூர்ப் பண்பாடு’ என்ற பெயரில் முகப்பில் ஒட்டப்படும் கோபுரத்துக்கும் தாமரைக்கும் தாத்தா இர்வின்தான். நம் பாரம்பரியத்துக்குத் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டு நாம் போய்ச் சேர்வது காலனியப் பொறியாளரின் பழக்கத்துக்கு. இந்த வேடிக்கையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் எழும்பூரை இதோடு தள்ளிவிட முடியாது. கும்பங்களை மறந்துவிட்டு உள்ளே போய் நின்று பாருங்கள். மையக் கூடத்தின் உயரம் உங்கள் சூட்டை மேலே இழுத்துக்கொள்ளும். முன்னால் வண்டி நிற்க ஆழமான போர்டிகோ, மழையில் நனையாமல் இறங்கலாம். கூடத்தில் நின்றால் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ரயில் என்று தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஊரிலிருந்து முதல்முறை வந்தாலும் கட்டடமே கையைப் பிடித்து வழிகாட்டும். இர்வினின் வெற்றி அந்தக் கூடத்தில் இருக்கிறது, கும்பத்தில் இல்லை. படத்தில் விழுவது கும்பம்தான். அதனால் கும்பத்தைத்தான் எல்லோரும் நகலெடுக்கிறார்கள்.

3

இனி நவீனத்துவம்.

உலக அளவில் இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது மாஸ்கோவில். 1935இல் திறந்த மாஸ்கோ மெட்ரோ நிலையங்கள் பளிங்கும் சரவிளக்குமாக, தொழிலாளிக்குக் கட்டிய அரண்மனைகள். ஸ்டாலின் போனபிறகு, 1955 நவம்பரில், கட்டடங்களில் ‘மிகைகளை’ ஒழிக்கச் சொல்லி குருசேவ் காலத்தில் ஓர் ஆணை வந்தது. அதன்பிறகு கட்டப்பட்ட நிலையங்கள் ஓடு பதித்த எளிய கூடங்கள். முன்னதில் அழகு இருந்தது, சர்வாதிகாரமும் இருந்தது. பின்னதில் சிக்கனம் இருந்தது, சலிப்பும் இருந்தது. எந்தப் பாணியும் தன்னளவில் நல்ல அரசியலுக்கு உத்தரவாதம் தருவதில்லை.

நவீனத்துவத்தின் நல்ல முகத்தை லண்டனில் பார்க்கலாம். 1930இல் சார்லஸ் ஹோல்டன் ஐரோப்பாவைச் சுற்றி வந்து புதிய கட்டடங்களைப் பார்த்துவிட்டு, பிக்காடிலி பாதைக்குப் புறநகர் நிலையங்களை வரைந்தார். 1932இல் திறந்த ஆர்னோஸ் குரோவ் ஒரு செங்கல் உருளை, அவ்வளவுதான். நடுவில் ஒற்றைத் தூண் கூரையைத் தாங்குகிறது. சுற்றிலும் உயரமான ஜன்னல்கள். ராத்திரியில் தெருவிலிருந்து பார்த்தால் கூடமே விளக்காகத் தெரியும். சிலை இல்லை, சின்னம் இல்லை. ஆனால் ஊமைக் கட்டடம் என்று யாரும் சொல்ல முடியாது. அசோகமித்திரனின் ஒரு நல்ல கதையில் உணர்ச்சி இல்லை என்று சொல்ல முடியுமா? அதுபோல.

நம் ஊரில் நவீனத்துவம் வேறு மாதிரி நடந்தது. சென்னையின் பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்வோம். 1995இல் கடற்கரை–சேப்பாக்கம், 1997இல் திருமயிலை வரை, 2007இல் வேளச்சேரி வரை. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கி, அதன்மேல் பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகளை அடுக்கினார்கள். அந்த நிலையங்களில் கோபுரமும் கிடையாது, தாமரையும் கிடையாது. நவீனத்துவரின் கணக்குப்படி அவை தேறியிருக்க வேண்டும். ஆனால் திருமயிலை நிலையத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரயிலுக்காக ஒரு மாடி ஏறினால் அங்கே வெறும் தளம், இன்னொரு மாடி ஏறினால் அங்கேயும் இருட்டு. கடைகளுக்காக ஒதுக்கிய தளங்கள் பல வருடம் காலியாகவே கிடந்தன. பெண்கள் சாயங்காலத்துக்குமேல் தனியாக ஏறத் தயங்கும் படிக்கட்டுகள். அலங்காரத்தை விலக்கிய அந்தக் கட்டடம் வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. சிக்கனம் என்பது நவீனத்துவத்தின் முதல் வாக்குறுதி. பறக்கும் ரயில் நிலையங்கள் அந்த வாக்குறுதியைக் கான்கிரீட்டிலேயே மீறின.

2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் பாதையோடு மெட்ரோ வந்தது. அதன் உயர்நிலை நிலையங்கள் எல்லாம் ஒரே ஜாடை. ‘எந்த ஸ்டேஷன்னே தெரியல, எல்லாம் ஒண்ணுபோல இருக்கு’ என்று நண்பர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஒரு நிலையத்தில் டிக்கெட் எடுக்கக் கற்றுக்கொண்டால் எல்லா நிலையத்திலும் எடுக்கலாம். லிஃப்ட் எங்கே, வழி எங்கே என்று தேட வேண்டாம். கண் தெரியாதவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் இந்த ஒன்றுபோல இருத்தல் ஓர் உபகாரம். தனித்தன்மை வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தொலைந்துபோகப் பயமில்லாதவர்கள்.

இதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு நவீனத்துவம் நம்மிடம் இருந்தது. விருதுநகர்–தென்காசி பாதை 1927இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாறியது 2004இல். அந்தக் காலத்துச் சிறு நிலையத்துக்குக் கட்டடக் கலைஞர் என்று யாரும் தேவைப்படவில்லை. ரயில்வே பொறியாளர்களின் வழக்கமான வரைபடம் போதும். தடித்த சுவர், தாழ்வாரம், ஒரு டிக்கெட் ஜன்னல், ஸ்டேஷன் மாஸ்டர் அறை, வேப்ப மரம். நடைமேடையின் இரு முனையிலும் அந்த மஞ்சள் பலகை: கறுப்பு எழுத்தில் மூன்று மொழியில் ஊர்ப்பெயர், கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கு. இந்திய ரயில்வே உருவாக்கியதிலேயே ஆகச்சிறந்த வடிவமைப்பு எது என்று கேட்டால் அந்தப் பலகை என்பேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஜன்னல் வழியாகத் தூக்கக் கலக்கத்தில் பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டது அது. அதில் ஓர் எழுத்துகூட அலங்காரத்துக்கு இல்லை. ஆனால் பம்பாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஊர் திரும்புகிறவனுக்கு ‘சங்கரன்கோவில்’ என்று அந்த மஞ்சளில் பார்த்தால் நெஞ்சு ஒரு நொடி அடைக்கும்.

4

சரி, கோபுரத்துக்கு வருவோம். கோபுரத்தை நிலையத்தில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கோபுரத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம்.

எங்கள் ஊர் சங்கரநாராயணர் கோயிலின் ராஜகோபுரம் ஒன்பது நிலை, 125 அடி. சுற்றிலும் சமவெளி. கரிசலில் நடந்து வந்த காலத்தில் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று மைல் கணக்கில் தள்ளியிருந்தே சொன்னது அந்த உயரம்தான். அது கோபுரத்தின் முதல் வேலை. கிட்டே வந்தால் இன்னொன்று தெரியும். நம் பெரிய கோபுரங்களில் கீழ்ப்பகுதி கருங்கல், மேல் நிலைகள் செங்கல்லும் சுதையும். பொம்மைகள் அத்தனையும் மேலே. கீழே, ஆள் உரசும் உயரத்தில், கூடை மோதும் உயரத்தில், மாடு முதுகைத் தேய்க்கும் உயரத்தில், சொரசொரப்பான கல்தான். தேயத் தேயத் தாங்கும். வாசலுக்குள் நுழைந்தால் ஆழமான நிழல், எதிரெதிர் திறப்பில் இழுத்துக்கொண்டு வரும் காற்று, ரெண்டு பக்கமும் ஏறி உட்காரத் திண்ணை. பூக்கட்டுகிறவர்களும் வெயிலுக்கு ஒதுங்கியவர்களும் கோயிலுக்குள் போக உத்தேசமே இல்லாதவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

அதாவது கோபுரத்தைச் செய்தவன் இரண்டு தரப்பையும் ஒரே கட்டடத்தில் வைத்திருக்கிறான். உடம்பு தொடும் இடத்தில் அவன் நவீனத்துவன். கண் மட்டும் தொடும் இடத்தில் அவன் கற்பனையை அவிழ்த்துவிடுகிறான். எது எங்கே என்ற அறிவுதான் அவன் கலை.

நிலைய முகப்பில் ஒட்டும் கோபுரம் இந்த அறிவைத் தலைகீழாக்குகிறது. இரண்டு மாடிக் கட்டடத்தின் நெற்றியில் பத்துப் பதினைந்தடியில் நிற்பதால் தூரத்திலிருந்து அது தெரியாது. அதற்கு நேர்கீழே வாசல் இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. கல் இருக்க வேண்டிய இடத்தில் கையால் தட்டினால் டொங்கென்று சத்தம் போடும் பேனல். நிழல் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. எங்கள் ஊர் வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரென்றால் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அப்பளம்தான். ஏசி போடலாம். ஏசி போட்டால் அது காசு கொடுக்கிறவர்களின் ஓய்வறையாகிவிடும்.

ராமேஸ்வரம் இதற்கு நல்ல உதாரணம். 2022 மே மாதம் எழும்பூர், மதுரை, காட்பாடி, கன்னியாகுமரி நிலையங்களோடு ராமேஸ்வரத்துக்கும் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. புதிய நிலையம் ராமநாதசுவாமி கோயிலின் சாயலில் இருக்கும் என்றார்கள். அந்தக் கோயிலில் உலகம் வந்து பார்ப்பது எதை? மூன்றாம் பிராகாரத்தை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் நடுவே கூரையிட்ட நீள நடை. நனையாமல், வேகாமல், கூட்டம் கூட்டமாக மனிதர்கள் நடக்கவும், களைத்தால் ஓரத்து மேடையில் சாயவும் செய்த இடம். ரயில் நடைமேடைக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி உலகத்தில் இருக்கிறதா? கோயிலின் சாயல் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நடை. நாம் எப்போதும் வாசல் பொம்மையைத்தான் எடுக்கிறோம்.

எங்கள் கோயிலின் மூலக் கருத்தே இதற்கு உதவும். சுவாமி சந்நிதிக்கும் கோமதி அம்பாள் சந்நிதிக்கும் நடுவில் சங்கரநாராயணர் நிற்கிறார். வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஒருவர்மேல் இன்னொருவரை ஒட்டவைத்த உருவம் இல்லை அது. ஒரே உடம்பு, ஒரே நிற்றல். பயன்பாட்டுக் கட்டடம் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு அதன்மேல் பண்பாட்டை ஒட்டுவது, ஒரு சிவலிங்கத்துக்கு நாமம் போட்டுவிட்டு சங்கரநாராயணர் என்று சொல்வதைப்போல.

5

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அழகியலுக்குள் அடங்காதது.

கோபுரம் ஊரின் அடையாளம் என்கிறோம். யாருடைய ஊர்? எங்கள் வட்டாரத்தில் புளியங்குடியிலும் கடையநல்லூரிலும் கணிசமாக முஸ்லிம்கள் இருக்கிறார்கள். சர்ச் இல்லாத டவுன் கிடையாது. அதைவிட முக்கியமாக, கோபுரவாசல் எல்லோருக்கும் திறந்திருந்த வாசல் இல்லை. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தபிறகுதான் தென்தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களின் வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கள் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்து. அந்தப் பன்னிரண்டு வருடமும் கோயிலுக்குள் போக முடியாத ஒருவர் டிக்கெட் எடுத்தால் நடைமேடையில் நின்றிருக்க முடியும், பெட்டியில் ஏறியிருக்க முடியும். ரயில்வேயும் பரிசுத்தமில்லை. 1940களின் தொடக்கம் வரை தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது, பெரியார் எதிர்த்துப் போராடித்தான் அது போனது. இருந்தாலும் டிக்கெட் ஒன்றையே தகுதியாகக் கேட்ட வாசல் என்று இந்த ஊர்களில் முதலில் வந்தது ரயில் நிலையம்தான்.

அந்த வாசலின்மேல் கோபுரத்தை வைக்கும்போது ஒருவருக்கு அது பெருமையாகத் தெரியலாம். இன்னொருவருக்குத் தன் தாத்தா வெளியே நின்ற இடம் ஞாபகம் வரலாம். கோபுரம் அழகுதான். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன், எந்த ஊருக்குப் போனாலும் மனம் அதனோடுதான் மற்ற கோபுரங்களை அளக்கிறது. ஆனால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. மஞ்சள் பலகையைப்போல எல்லோருக்கும் ஒரே மாதிரி பேசும் சின்னங்களை வைத்துக்கொண்டு, சிலருக்கு மட்டும் பேசும் சின்னத்தைப் பொதுக்கட்டடத்தின் நெற்றியில் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

நவீனத்துவரும் இங்கே தப்பிக்க முடியாது. ‘எல்லோருக்கும் பொதுவானது’ என்று அவர்கள் கட்டிய நிலையத்தில் நிழல் யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். எங்கள் பாதையின் சிறு நிலையங்களில் கூரை இருப்பது நடைமேடையின் நடுப்பகுதியில். ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு முனையிலும் வரும். ஆக, ரிசர்வேஷன் வைத்திருப்பவர் கூரைக்கடியில் நிற்கிறார். சீட்டுப் பிடிக்க முன்கூட்டியே வந்து நிற்க வேண்டியவர் வெட்டவெளியில் நிற்கிறார். விசைத்தறி வேலையை விட்டுவிட்டு வெளியூர் கிளம்புகிறவர், பூக்கூடையோடு நிற்கிறவர், ஆடித்தபசுக்கு வந்துவிட்டுத் திரும்பும் குடும்பம், எல்லாரும் அந்த முனைகளில்தான். இது எந்தக் கட்டடக் கலைஞரின் கெட்ட எண்ணமும் இல்லை. கூரையை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்த மேசையில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவு தினமும் வர்க்கம் பிரிக்கிறது.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை ஏறக்குறைய நேர் தெற்காக வருகிறது. மேற்கே மலை. மாலை வெயில் எந்தத் தடையும் இல்லாமல் கூரைக்கடியில் பக்கவாட்டில் நுழையும். செங்கோட்டையிலிருந்து மாலையில் கிளம்பும் பொதிகைக்காகச் சீக்கிரமே வந்துவிட்டவர்கள் அந்த வெயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியை வாரிக் கண்ணில் போடும். மேலே எவ்வளவு பெரிய கூரை போட்டாலும் மேற்குப் பக்கம் ஒரு ஜாலிச் சுவரோ ஒரு வரிசை வேம்போ புங்கமோ இல்லாவிட்டால் பயனில்லை. ‘உள்ளூர்ப் பண்பாடு’ என்று எழுதுகிறவர்கள் உள்ளூர் வெயிலையும் உள்ளூர் காற்றையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டால் என்ன?

6

அப்படியானால் கட்டடம் பேசவே கூடாதா என்று கேட்கலாம். பேசலாம். நியூயார்க்கில் 2016இல் திறந்த உலக வர்த்தக மைய நிலையத்தை சாண்டியாகோ கலட்ராவா சிறகு விரித்த பறவையாகக் கட்டினார். ஏறக்குறைய 400 கோடி டாலர் ஆனது. திட்டமிட்டதைப்போல இரண்டு மடங்கு. உள்ளே பெரும்பகுதி கடைவீதி. கேலி செய்ய நிறைய இருக்கிறது. ஆனால் அந்த வெள்ளை விலா எலும்புகளுக்கிடையே பகல் வெளிச்சம் பூமிக்கடியில் நிற்பவரின் தலைவரை இறங்குகிறது. பாதாளத்திலிருந்து வெளியே வரும் வழி எது என்று உடம்புக்குத் தெரிகிறது. அங்கே வடிவம் பயணிக்கு ஒன்றைக் கொடுக்கிறது. விலை அதிகம் என்று சொல்லலாம், வெறும் பொம்மை என்று சொல்ல முடியாது. ஹோல்டனின் உருளையும் அதைத்தான் கொடுத்தது, சொற்பச் செலவில். இர்வினின் கூடமும் அதைத்தான் கொடுத்தது. பாணி வெவ்வேறு. மூன்றிலும் கட்டடம் காத்திருப்பவரை நோக்கித் திரும்பியிருக்கிறது.

சிறு ஊருக்கு 400 கோடி டாலர் வேண்டாம். நடைமேடையின் முழு நீளத்துக்கும் ஓர் எளிய பிராகாரம் போதும். மேற்கே காற்று நுழைந்து புழுதி நுழையாத ஜாலி. கருங்கல் திண்ணை, முதுகு சாய ஒரு சுவர். கிழவி ஒருத்தி படியேறாமல் இரண்டாம் நடைமேடைக்குப் போக ஒரு வழி. இரவில் பூட்டிவைக்காத பெண்கள் கழிப்பறை. அந்த மஞ்சள் பலகை, அது இருக்கும் இடத்திலேயே. இப்படி ஒரு நிலையத்தை நம் ஸ்தபதியோ நம் இளம் கட்டடக் கலைஞர்களோ செய்தால் அதைத் தமிழ்க் கட்டடம் என்று நான் கூசாமல் சொல்வேன். அதில் ஒரு பொம்மைகூட இல்லாவிட்டாலும்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாவலைப் பற்றி நாம் எவ்வளவு நுணுக்கமாகச் சண்டை போடுகிறோம்! ஒரு வாக்கியம் போலியா, நிஜமா என்று கண்டுபிடித்துவிடுகிறோம். நம் ஊர்ப் பொதுக்கட்டடத்தை மட்டும் ‘சூப்பர்’ என்றோ ‘மொக்கை’ என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அதுவும் ஒரு பிரதிதான். அதிலும் போலி வாக்கியங்கள் உண்டு. நாவலை மூடிவைத்துவிடலாம். இதற்குள்தான் வருடக்கணக்கில் நம் அம்மாவும் தங்கையும் ரயிலுக்குக் காத்திருக்கப்போகிறார்கள். படம் வெளியாகும் நாளிலேயே, கான்கிரீட் போடுமுன்னே, விமர்சனம் எழுதப்பட வேண்டிய கலை இது ஒன்றுதான்.

அதனால் உங்கள் ஊருக்கும் அந்த அந்திநேரத்துப் படம் வரும்போது முகப்பைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். முன்பதிவில்லாப் பெட்டி வந்து நிற்கும் இடத்தை முதலில் அந்தப் படத்தில் தேடுங்கள். அங்கே நிழல் வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.